மருமவனே, நீ லைட்டு பிடி போதும்

ஏலே மருமவனே, ஒம் போன்ல புள்ளைய எடுத்து வச்சிருக்க படமெல்லாம் காட்டுனியே, பாத்தேன். நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒவ்வொண்ணுலயும் "இங்க பாரும்மா, சிரி, கையத் தூக்கு, இன்னொருக்கா ஆடு"ன்னு ஒஞ் சத்தந்தான் கணீர்னு கேக்கு. கதாநாயகன் நீதான், புள்ள சும்மா துணை நடிகை. அவ மொகத்தப் பாத்தா, போலீஸ் ஸ்டேசன்ல கைரேகை வைக்க வந்தவ மாதிரி நிக்கா.

இப்ப லீவுல புள்ளையளோட சேந்து படம் எடுக்கப் போறேங்க. கதை நீ, வசனம் நீ, டைரக்சனும் நீ. புள்ளையளுக்கு என்ன வேலைன்னு கேட்டா, "சொன்னதக் கேட்டா போதும் மாமா"ங்க. ஆகா! சேந்து எடுக்கதுன்னா இதானா?

நான் படம் எடுத்தவன் இல்லப்பா. டூரிங் டாக்கீஸ் புரொஜக்டர்ல கார்பன் குச்சிய நெருக்கி நெருக்கி வச்சு ஓட்டுனவன். மணலக் குமிச்சு ஒக்காந்த சனம் எங்க கை தட்டும், எங்க எந்திரிச்சு முறுக்கு வாங்கப் போவும்னு ஆப்பரேட்டர் ரூம் ஓட்டை வழியா பாத்த கண்ணு இது. படிச்ச மனுசன் நீ. இருந்தாலும் கொஞ்சம் காது குடு.

சினிமா பொறந்ததே குடும்பப் படமாத்தான்ல. 1895-ல பிரான்ஸ்ல லூமியேர் அண்ணன் தம்பி எடுத்த படத்துல ஒண்ணு, அண்ணங்காரன் அகஸ்தும் அவரு சம்சாரமும் தோட்டத்துல ஒக்காந்து கைப்புள்ளைக்கு ஊட்டுறது. ஒரு நிமிசங்கூட வராது. அந்தப் புள்ள பாட்டுக்கு வாய ஈசிக்கிட்டுத் திங்கி. யாரும் சிரின்னு சொல்லல, ஆடுன்னு சொல்லல. அந்தக் காலத்துச் சனம் புள்ளையப் பாத்ததோட விடல, பின்னால மரத்துல எலை ஆடுறதப் பாத்து வாயப் பொளந்துச்சாம். நீ எடுத்த படத்துல எலை எங்க ஆடுது? புள்ள மூக்கு மட்டும் பூசணிக்கா அளவுக்குத் தெரியி. ரெண்டு எட்டு பின்னால போனா ஒங் காசா கொறையும்?

நம்ம தேசத்துக் கதைக்கு வா. தாதாசாகேப் பால்கேன்னு ஒரு மனுசன். படம் எடுக்கணும்னு பித்து. கையில காசு இல்ல. 1912-ல ஒரு தொட்டியில பட்டாணிய ஊனி, எதுக்க கேமராவ வச்சு, வளர வளர எடுத்தாரு. ஒரு மாசத்துக்கு மேல. ஓட்டிப் பாத்தா வெதை மொளச்சு, கொடி சுத்தி, கண்ணு முன்னாலயே வளந்து நிக்கி. அதக் காட்டித்தான் பணம் போட ஆளப் பிடிச்சாரு. அடுத்த வருசம் 'ராஜா ஹரிச்சந்திரா' வந்துச்சு. லோகிதாசனா நடிச்சது யாரு? அவரு மவன் பாலச்சந்திரன். சந்திரமதியா நடிக்கப் பொம்பளை யாரும் வரல; ஓட்டல்ல வேலை பாத்த சாலுங்கேக்குச் சேலை கட்டிவிட்டாரு. 1917-ல 'லங்கா தகனம்' எடுத்தப்போ அதே சாலுங்கே ராமரு, அவரே சீதை! தன்னத் தானே தேடி இலங்கைக்குப் போனாரு, பாவம். 1919-ல 'காளிய மர்தன்'ல கிருஷ்ணரு வேசம் கட்டுனது பால்கே மவ மந்தாகினி. படம் தொடங்கயிலே அந்தப் புள்ள மொகத்துல விதவிதமா பாவம் காட்டும். அதுக்கப்புறந்தான் கிருஷ்ணரா மாறும். வீட்டுக்காரி சரஸ்வதிபாய், அத்தன பேருக்கும் ஒலையும் வச்சாங்க, பிலிம் கழுவுற வேலையும் பாத்தாங்க. நீ என்னடான்னா ஒம் பொண்டாட்டியக் காப்பி போட மட்டுந்தான் கூப்புடுவ.

மொதல்ல போனப் புள்ள கையில குடு. விழுந்துருமோன்னு வயித்தக் கலக்கும்; தெரியும். குடு. அது எடுத்தா பாதிப் படத்துல ஒங்க முட்டிக்காலுதான் வரும், அவ ஒசரம் அம்புட்டுத்தான். நம்ம வீடு அந்த ஒசரத்துல இருந்து எப்படித் தெரியிங்குறத நீ பாத்திருக்கியா? கட்டிலுக்கு அடியில போன தீவாளிக்கு நீ தொலைச்ச சாவி கெடக்கும், அதுவுஞ் சேந்து வரும்.

ஒரு சூனியம் சொல்லித் தாறேன், கத்துக்க. ஆளு ஆடாம நிக்கச் சொல்லு, ரெக்கார்டிங்க நிறுத்து, ஆளு வெலகட்டும், மறுபடி ஓட்டு. ரெண்டையும் ஒட்டுனா ஆளு மாயம்! பாரிசுல மெலியேஸ்னு ஒரு மாயவித்தைக்காரரு தெருவுல படம் எடுக்கயில கேமரா சிக்கி நின்னுச்சாம். சரி பண்ணி ஓட்டுனா, திரையில குதிரை பஸ்ஸு பொண வண்டியா மாறிருச்சாம். அவரே சொன்ன கதை. ஒரே ஒரு நிபந்தனை: போன் மயிரளவும் அசையக் கூடாது. அதுக்கு ஆயிரக்கணக்குல குடுத்து ஸ்டாண்டு வாங்க ஓடாத. படி நெறைய அரிசியக் கொட்டி அதுல போனச் சொருகு. போனப் படுக்கப் போட்டமேனிக்குப் பிடிக்கணும், நெட்டுக்குத்தலா இல்ல. திரை என்ன மேக்கூரையப் பாத்தா வளந்து கெடக்கு?

புளியங்கொட்டைய ஊர்வலம் போக வைக்கலாம். கொட்டையக் கொஞ்சங் கொஞ்சமா நகத்தி ஒவ்வொரு படமா எடுக்கணும். நொடிக்கு 12 படம், நிமிசத்துக்கு 720. நீ ஒரு நிமிசப் படம்னு கெளம்புவ. பத்து நொடிலேயே இடுப்பு பிடிச்சுக்கும். புள்ளையளுக்கு இடுப்பெல்லாம் பிடிக்காது. அதுக ராத்திரி சோத்துக்குக் கூப்புட்டாலும் வராது.

மத்ததெல்லாம் சின்ன வேலை. சன்னலுக்கு முதுகு காட்டி ஆள நிறுத்தாத, கரிக்கட்டையாத் தெரியும். பேன நிறுத்து, இல்லன்னா வசனத்துக்குப் பதிலா காத்துதான் பேசும்.

ஒட்டி முடிச்சதும் நடுவுல ஒருத்தன் வசனத்த மறந்து ஙேன்னு முழிப்பான், இன்னொருத்தி குபீர்னு சிரிச்சிருவா. அத வெட்டணும்னு ஒனக்குக் கை துறுதுறுங்கும். வெட்டாத. டாக்கீஸ்ல ரீலு அந்துபோனப்போ அடிச்ச விசிலு, கதாநாயகன் வந்தப்போகூட அடிச்சதில்ல. அப்புறம், அதுகளக் கேக்காம வாட்ஸாப்புல, ஸ்டேட்டஸ்ல போட்டு ஊருக்கெல்லாம் காட்டிட்டுத் திரியாத. அதுக படம், யாரு பாக்கணும்னு அதுகதான் சொல்லணும்.

என்ன, மொறைக்க? சரி, உள்ளதச் சொல்லிருதேன். நேத்தே ஒம் மவ எங்கிட்ட வந்து கால்சீட் வாங்கிட்டுப் போயிட்டா. நான் ராசா. மீசைய எடுக்க வேண்டாம்னு சொல்லிட்டா, கெட்டிக்காரி. ஒம் பொண்டாட்டி மாட்டுக்கு முன்னங்காலு. நீ பின்னங்காலு, போர்வைக்குள்ள இருந்து பேசக் கூடாதுன்னு கண்டிசன். அந்தச் சீன் இல்லாத நேரத்துல லைட்டு பிடிக்கணும். காலையில ஏழு மணிக்கு ஷூட்டிங்காம், லேட்டா வந்தா வாலும் நீதான்.