பூஜ்யத்திலிருந்தா, ஒன்றிலிருந்தா?

மேட்லேப் மொழியில் வரிசையின் முதல் உறுப்புக்கு இட எண் 1. பைத்தான் மொழியின் நம்பை நூலகத்தில் அதுவே 0. பூஜ்யத்தில் தொடங்குவதுதான் முறை என்று கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1982-இலேயே கைப்பட எழுதிவைத்துவிட்டார். மேட்லேப் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அங்கே பூஜ்யமாவது உறுப்பைக் கேட்டால் சிவப்பு எழுத்தில் திட்டு விழும்.

திட்டுகிறவரையாவது நம்பலாம். இந்த விஷயத்தில் நம்பை வாயே திறக்காது. எங்கோ ஒன்றைக் கூடுதலாகக் கழித்துத் தொலைத்து, இட எண் -1 ஆகிவிட்டதா? கடைசி உறுப்பை எடுத்துப் பவ்யமாக நீட்டும். ஆண்டின் பன்னிரண்டு மாத மழையளவு வரிசையில் ஜனவரிக்கு முந்தைய மாதத்தைக் கேட்டால், இன்னும் பெய்யாத அதே ஆண்டு டிசம்பர் மழை வந்து நிற்கும். வரைபடமும் லட்சணமாகவே இருக்கும், அதுதான் வயிற்றெரிச்சல்.

தரவுக் கோப்பை நம்பைக்குள் ஏற்றுவது தனிக் கூத்து. ஆயிரம் வரிகளுக்கு நடுவே யாரோ ஒரு புண்ணியவான் எண்ணுக்குப் பதிலாக ‘பிறகு’ என்று தட்டிவைத்திருப்பார். எழுத்தை எண்ணாக்க முடியவில்லை என்று சொல்லி மொத்த வேலையும் படுத்துவிடும்.

எக்செல் வழியாக வந்த கோப்பென்றால் விசேஷம் அதிகம். ‘மார்ச்1’ என்ற மரபணுப் பெயரை அது மார்ச் மாதம் முதல் தேதியாக்கிவிடும். ஆராய்ச்சியாளர்கள் மாரடித்துப் பார்த்தார்கள். கடைசியில் 2020-இல் பெயர்சூட்டும் குழுவே இறங்கிவந்து, மரபணுவுக்கு ‘மார்ச்எஃப்1’ என்று மறுபெயர் வைத்தது. மென்பொருளைத் திருத்துவதைவிட மனித உடலுக்குள் இருப்பதற்குப் பெயர் மாற்றுவது சுலபமாக இருந்திருக்கிறது. தானாகத் தேதியாக்குவதை நிறுத்திவைக்கும் வசதி எக்செலுக்கு 2023-இல் வந்து சேர்ந்தது.