துரைக்குக் கால், எனக்கு இடுப்பு

‘விரிஞ்சிபுரம் மதிலழகு’ என்று பெரியவர்கள் சொல்லி வைத்தது மார்க்கபந்தீஸ்வரர் கோயில் மதிலைப் பற்றி. அந்த அழகில் ஒரு கல்கூட என் நிலத்துக்கு வந்து சேரவில்லை. ஒன்றே கால் ஏக்கர் கொல்லை. மூன்று பக்கம் வேலி. அதில் இரண்டு பக்கம் இருப்பது வேலிதான் என்று நான் சொன்னால்தான் தெரியும். நான்காவது பக்கம் துரை.

துரை எங்கள் நாய். தபால் துறை 2005-ல் ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை போட்டது. துரையின் வம்சத்துக்கு யாரும் கார்டுகூடப் போட்டதில்லை. பொய்கை செவ்வாய்க்கிழமைச் சந்தைக்கு மாடு வாங்கப் போன என் அப்பா, விலை படியாமல், காலைச் சுற்றி வந்த ஒரு செவலைக் குட்டியை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு திரும்பினார். வந்த முதல் நாள் அது திண்ணையில் ஏறி உட்கார்ந்து, வேலை செய்கிறவர்களை எல்லாம் ஒவ்வொருவராகப் பார்த்தது. “பார்ரா தொரைய” என்றார் அப்பா. பேர் நிலைத்துவிட்டது.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் லாஸ்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசராக இருபத்தாறு வருஷம். வெளியே வரும்போது கிடைத்த பி.எஃப். பணத்தில் ஒரு பழைய டிராக்டர் வாங்கினேன். “ஒன்னே கால் ஏக்கருக்கு டிராக்டரா?” என்று என் வீட்டுக்காரி அன்று கேட்டாள். யோசித்துக்கொண்டிருக்கிறேன். டிராக்டர் நான்கு வருஷமாகச் செய்த ஒரே உருப்படியான வேலை நிழல் தருவது. அந்த நிழலில் துரை தூங்கும்.

மாசி மாதத்தில் ஒரு நாள் காலை, பேட்டரி இறங்கிவிடப் போகிறதே என்று டிராக்டரை ஸ்டார்ட் செய்து, நாலடி பின்னால் எடுத்தேன்.

முன்னால் எடுத்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

சத்தம் கேட்டு ஓடி வந்த பக்கத்துக் கொல்லைக்காரர், “இன்னா நைனா ஆச்சு?” என்றார். என் வாயிலிருந்து வந்த பதில்: “பன்னி.” அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும்தான் நான் பொறுப்பு. மலையிலிருந்து காட்டுப்பன்றி இறங்கி மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, கிளறிவிட்டுப் போவது எங்கள் பக்கம் சகஜம் என்பதால், ‘ராத்திரி’, ‘கூட்டமாக’, ‘துரை ஒத்தையாளா’ ஆகியவற்றை ஊர் தன் சொந்தச் செலவில் சேர்த்துக்கொண்டது. சாயங்காலத்துக்குள் பன்றிகள் மூன்றாகிவிட்டன.

என் மனைவிக்கு மட்டும் உண்மை தெரியும். துரையின் முதுகில் இருந்த டயர்த் தடத்தை ஈரத்துணியால் துடைத்தவள் அவள்தான். துடைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதை இங்கே மொழிபெயர்க்க இடமில்லை.

கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962 என்று ஓர் எண் உண்டு. கூட்டுறவுப் பால் ஊற்றும் இடத்தில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறார்கள். தினமும் அதில் சாய்ந்துதான் பேப்பர் படிக்கிறேன். அன்றைக்கு நினைவுக்கு வரவில்லை. கத்தரிக்காய் ஏற்றி வந்த மினி வேனை மறித்து, காய் மூட்டைகளுக்கு நடுவில் துரையைக் கிடத்தி, வேலூர் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனோம். வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் இரண்டு நாள் ரயிலேறி ஜனங்கள் வைத்தியத்துக்கு வரும் ஊர் வேலூர். லாட்ஜ் வாசல்களில் வங்காள எழுத்தில் போர்டு தொங்கும். பதினைந்து கிலோமீட்டரில் இருந்துகொண்டு நாங்கள் போனது இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் வாசனையோடு, பின்வாசல் வழியாக.

தொடை எலும்பு இரண்டு துண்டு. ஆபரேஷன் செய்து உள்ளே எஃகுக் கம்பி வைத்தார்கள். கம்பிதான் எலும்பை ஒட்டவைக்கும் என்று நான் நினைத்திருந்தேன். டாக்டரம்மா விளக்கினார்: உடைந்த இடத்தில் முதலில் ரத்தம் உறையும், அதைச் சுற்றிக் குருத்தெலும்பு மாதிரி மெத்தென்று ஒன்று கட்டும், அப்புறம்தான் அது இறுகி எலும்பாகும், அதுவரை நேராகப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் கம்பிக்கு வேலை. எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. “ஷூவுக்குள்ள லாஸ்ட் விடற மாதிரி மேடம். கால் அச்சு. தோல் அதுமேல இழுத்து நின்னு உருவத்துக்கு வந்தப்புறம் உருவிடுவோம்” என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, “நீங்க எதையும் உருவிடாதீங்க” என்றார்.

வளர்ந்த நாய்க்கு எலும்பு கூட எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம். ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, திண்ணை ஏறக் கூடாது, தையலை நக்கக் கூடாது. “வலிக்கு வீட்ல ஏதாவது மாத்திரை இருக்கா?” என்று கேட்டார். முட்டி வலிக்கு நான் சாப்பிடும் டைக்ளோஃபினாக் அட்டையைப் பெருமையாகச் சட்டைப் பையிலிருந்து எடுத்தேன். அவர் அதை வாங்கி மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார். அந்த மருந்து போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்ததால்தான் 2006-லேயே கால்நடைக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று நிறுத்தினார்களாம். நாய்க்கு வயிறு புண்ணாகும், கிட்னி போகும். அட்டையில் மூன்று மாத்திரை பாக்கி இருந்தது. திருப்பிக் கேட்கத் தைரியம் வரவில்லை.

வீட்டுக்கு வந்த முதல் பிரச்சினை, நக்குவது. கழுத்தில் மாட்டும் கூம்பு வாங்க மறந்துவிட்டோம். பிளாஸ்டிக் பக்கெட்டின் அடியை அறுத்துத் தலையில் மாட்டலாம் என்று என் மகள் போனில் பார்த்துச் சொன்னாள். அறுத்தேன். நான் குளிக்கிற பக்கெட் அது என்பது மறுநாள் காலை, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு குழாயடியில் நின்றபோதுதான் தெரிந்தது. துரை பச்சைப் பக்கெட்டுக்குள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு வாரத்தில் அந்தப் பக்கெட் கீழே தள்ளியவை: தண்ணீர்க்குடம் இரண்டு, கோலமாவு டப்பா ஒன்று, அம்மா ஒரு தடவை.

வெளிக்குப் போக வேண்டுமென்றால் பின்கால் தரையில் பாரம் படாமல், வயிற்றுக்கடியில் துணி கொடுத்துத் தூக்கிப் பிடிக்க வேண்டும். இங்கேதான் என் இருபத்தாறு வருஷத் தொழில் விழித்துக்கொண்டது. துணியா? ஆம்பூர்க்காரன் வீட்டில் துணியா? பழைய நண்பரிடம் கேட்டு, ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட லைனிங் தோல் இரண்டடி வாங்கிவந்தேன். துரையின் வயிற்றை டேப் வைத்து மூன்று தடவை அளந்தேன். விளிம்பெல்லாம் ஸ்கைவிங் செய்து, அதாவது மெல்லிசாகச் சீவி, மடித்து, இரட்டைத் தையல் போட்டேன். இரண்டு பக்கமும் பித்தளை பக்கிள். இத்தாலிக்காரனுக்கு அனுப்பியிருந்தால் ஒரு குறைகூடச் சொல்லியிருக்க மாட்டான். இரண்டு நாள் ராத்திரி கண் விழித்துச் செய்தது. மூன்றாம் நாள் ராத்திரி துரையின் பக்கத்திலேயே, கைக்கு எட்டுகிற மாதிரி மாட்டி வைத்துவிட்டுத் தூங்கினேன்.

காலையில் பக்கிள் இரண்டும் கிடந்தன.

யோசித்துப் பார்த்தால் இதில் துரையின் மேல் தப்பே இல்லை. உலகமெங்கும் நாய் கடிப்பதற்கென்று கடையில் விற்கிற எலும்புகளில் பல, மாட்டுத்தோலின் உட்பக்கத்தைப் பிளந்து சுருட்டியவைதான். தோல் பட்டறைகளின் காற்றைச் சுவாசித்து வளர்ந்த நாயின் தலைமாட்டில் முதல்தரத் தோலை ஆணியில் மாட்டியவன் சூப்பர்வைசராக எப்படி இருந்தான் என்பதை அந்தக் கம்பெனிதான் விசாரிக்க வேண்டும். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். “குரோம் தோலா?” என்று கேட்டார். “இல்லீங்க மேடம், பட்டை போட்டது” என்றேன். ரெண்டு நாள் கழிவைக் கவனிக்கச் சொன்னார். கவனித்தேன். அதைப் பற்றி எழுத மாட்டேன்.

அப்புறம் என் மனைவி தன் பழைய பாலியெஸ்டர் புடவையை நாலாக மடித்துக் கொடுத்தாள். அது இன்றைக்கும் இருக்கிறது.

விடிகாலை ஐந்து மணிக்கு ஒரு கையில் புடவைத் தலைப்பு இரண்டும், மறு கையில் டார்ச்சும், முன்னால் பக்கெட் மாட்டிய துரையுமாகத் தெருவில் நான் போவதை விரிஞ்சிபுரம் பார்த்தது. பால்காரர் வண்டியை நிறுத்திவிட்டு, “சாமி பொறப்பாடா?” என்று கேட்டார். உற்சவமூர்த்தியைத் தூக்குகிறவர்களாவது தோளில் தூக்குவார்கள். இருபத்திரண்டு கிலோ நாயைக் குனிந்து தூக்கினால் பாரம் எங்கே இறங்கும் என்று பத்தாம் நாள் தெரிந்தது. பதினோராம் நாளிலிருந்து துரையும் நானும் ஒரே மாதிரி நொண்டினோம்.

ராத்திரிக் காவல் அடுத்த சிக்கல். மல்லாட்டை காய் பிடிக்கிற சமயம். நான்காவது வேலி வீட்டில் ஃபேனுக்கடியில் படுத்திருக்கிறது. “அப்ப கொல்லைல யாரு?” என்று அம்மா கேட்டதும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு டின்னும் குச்சியும் கொடுத்து அனுப்பினார்கள். துரை படுக்கிற அதே களத்தில், அதே கோணியில் படுத்தேன். இரவு இரண்டு மணிக்கு நிஜமாகவே பன்றி வந்தது. நான் டிராக்டர் மேலே ஏறி நின்று டின்னைத் தட்டினேன். பன்றி நிதானமாகத் தின்றுவிட்டுப் போயிற்று. ஊர்க்கதையில் துரை மூன்று பன்றியை விரட்டியது. நேரில் நான் ஒன்றை வழியனுப்பினேன்.

இதற்குள் வீட்டில் ஓர் இலக்கண மாற்றம் நடந்திருந்தது. முட்டையும் பால்சோறும் ஊட்டி ஊட்டி, என் மனைவியின் வாயில் துரைக்கு ‘அது’ போய் ‘அவரு’ வந்துவிட்டது. என்னையும் அவள் அப்படித்தான் சொல்வாள். குடியாத்தத்தில் இருக்கும் தன் தங்கச்சியோடு போனில் அவள் பேசியதை நானே கேட்டேன்: “அவரு இன்னிக்குத்தான் தானா எழுந்து வெளிய போயி வந்தாரு... ஆமாண்டி, புடவையத்தான் கட்டித் தூக்கறேன்... ராத்திரில லேசா மொனகறாரு.”

மறுநாள் மச்சினிச்சி, ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஒரு கிலோ திராட்சையுமாகக் கண்ணீரோடு வந்து இறங்கினாள். வாசலில் கால் மேல் கால் போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்தது சந்தோஷம் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. திராட்சை நாய்க்கு ஆகாது, கிட்னியைக் கெடுக்கும் என்று மகள் சொன்னதால் அந்த ஒரு கிலோவையும் நானே தின்றேன். நோயாளி பக்கத்தில் இருந்து எனக்குக் கிடைத்த லாபம் அது ஒன்றுதான்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் வைத்தியர்கள். ஒருவர் ஆந்திராவுக்கு, புத்தூருக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போடச் சொன்னார். எங்கள் பக்கம் கை கால் முறிந்த எவரும் அந்தப் பேரைக் கேட்காமல் எழுந்ததில்லை. இன்னொருவர் ஆம்பூர் பிரியாணி எலும்பை எலுமிச்சம்பழம் மாதிரி மரியாதையாகக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தார். வெந்த எலும்பு கூர்கூராக உடைந்து குடலைக் கிழிக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததைச் சொன்னேன். “சீரகச் சம்பா பிரியாணிங்க” என்றார் அவர், அது வேறு ஜாதி எலும்பு என்பது போல. மருந்து வேளைக்கு ஒருவர் கோயிலில் இருக்கும் நேரம் காட்டும் கல்லைப் பார்க்கச் சொன்னார். குச்சியை வைத்தால் நிழல் விழுந்து மணி காட்டும் கல் அது. ராத்திரி எட்டு மணி மாத்திரைக்கு நிழலை எங்கே தேடுவது? அம்மா மட்டும் வைத்தியம் சொல்லவில்லை. மார்க்கபந்தீஸ்வரரான வழித்துணைநாதருக்கு ஒரு ரூபாய் முடிந்து வைத்தாள்.

ஆறாம் வார எக்ஸ்ரேயில் உடைந்த இடத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு முண்டு. “நல்லா கூடிட்டு வருது, இனிமே தண்ணியில நடக்க விடுங்க, பாரம் இல்லாம தசை தேறும்” என்றார் டாக்டரம்மா. “வீட்டுக்குப் பக்கத்தில ஆறு இருக்கா?”

இருக்கிறது. வேலூரை நீரில்லாத ஆறு உள்ள ஊர் என்று சொல்வார்களே, அதே பாலாறு. 2021 நவம்பரில் வெள்ளம் கரைபுரண்டு போனபோது துரைக்கு நாலு காலும் நன்றாக இருந்தது. இப்போது தண்ணீர் தேவைப்படும்போது முள்செடிதான் ஓடுகிறது. பம்புசெட் தொட்டியில் இறக்கினோம். நெஞ்சளவு தண்ணீரில் துரை நடக்கும், நானும் உள்ளே நின்று வயிற்றைப் பிடித்துக்கொள்வேன். சித்திரை வெயிலில் தினம் இருபது நிமிஷம். துரைக்குத் தசை தேறியதோ இல்லையோ, என் இடுப்புக்குச் சுகமாக இருந்தது. துரை வராத நாளிலும் நான் இறங்கினேன்.

பதினோராம் வாரம் துரை தானாகக் களம் வரை நடந்தது. லேசான சாய்வு இருக்கிறது; ஓடும்போது தெரியாது, யோசித்து நடக்கும்போது தெரியும். முட்டை நின்றதும் கேழ்வரகுக் களி வைத்தோம். முகர்ந்து பார்த்துவிட்டு என் மனைவியைப் பார்த்தது. இன்னும் ஒரு முட்டை ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்குக் களி.

அதற்குள் ஊர்ப் பையன்கள் பேருந்து நிறுத்தத்தில் ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார்கள். ‘காட்டுப்பன்றிகளைக் கதறவிட்ட விரிஞ்சையின் வீரனே, நலமுடன் வருக’. நடுவில் துரை, பக்கெட்டோடு. மூலையில் என் படம், கை கூப்பியபடி. மகளின் சீருக்கு எடுத்தது. ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கே வந்தார். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல்லில், தலைவன் செத்த பிறகும் நின்று இரண்டு கள்ளரைக் கடித்த கோவிவன் என்ற நாய்க்குச் சிற்பமும் கல்வெட்டும் இருக்கிறதாம். “நம்ம வடஆற்காட்டு மண்ணு சார். அந்த வரிசையில இன்னொரு கல்லு வைக்கணும்” என்றார். கல்லுக்கு நன்கொடை நோட்டு போட்டாயிற்று. முதல் கையெழுத்து என்னிடம் வாங்க வந்தபோது, உள்ளேயிருந்து என் மனைவி, “ஆயிரமா எழுதுங்க” என்றாள்.

எழுதிவிட்டேன். ஆனால் கல்லில் பொய் வெட்டினால் இன்னும் ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு நிற்குமே என்று இரண்டு நாளாகத் தூக்கமில்லை. எனவே விரிஞ்சிபுரம் இளைஞர்களுக்கும் வாத்தியார் ஐயாவுக்கும் பணிவான வேண்டுகோள்: ஃப்ளெக்ஸை இறக்கிவிடுங்கள், சிற்பியிடம் கொடுத்த அட்வான்ஸைத் திருப்பிக் கேளுங்கள். அன்றைக்குப் பன்றி வரவில்லை. வந்தது டிராக்டர், ஓட்டியது நான். என் ஆயிரம் ரூபாயைத் தயவுசெய்து வீட்டில் யாரும் இல்லாதபோது கொண்டுவந்து கொடுங்கள்.