முப்பது வீதமும் பாமன்கடையும்

சம்பளத்தில் முப்பது வீதத்துக்கு மேல் வாடகை கொடுக்கக்கூடாது என்று ஒரு விதி உலகமெல்லாம் உலாவுகிறது. அது பிறந்த இடம் அமெரிக்கா. அரசாங்க வீடுகளில் இருக்கும் ஏழைகளின் வாடகை வருமானத்தில் 25 வீதத்தைத் தாண்டக்கூடாது என்று 1969இல் வைத்தார்கள். 1981இல் அதை 30 ஆக்கினார்கள். வைத்தவர்களில் ஒருவராவது கொழும்பில் பாமன்கடைச் சந்தியில் வீட்டு புரோக்கரோடு வெயிலில் நின்றிருக்க மாட்டார்.

என் சம்பளம் 110,000 ரூபா. ஈபிஎஃப் 8 வீதம், அதாவது 8,800, கைக்கு வரமுதலே போய்விடும். 2025 ஏப்ரலில் இருந்து மாதம் 150,000 வரை வருமான வரி இல்லை. வரி கேட்கக்கூட அரசாங்கத்துக்கு மனம் வராத சம்பளம். விதிப்படி பார்த்தால் 33,000க்கு வீடு தேடலாம்.

33,000க்கு அறை கிடைக்கும். டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தை லைட் போஸ்டுகளில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்களில் பாதி 'வேலை செய்யும் பெண்களுக்கு மட்டும்'. மிச்சத்தில் ஒன்றைப் போய்ப் பார்த்தேன். கட்டில், மேசை, ஃபான். "சமைக்கேலாது தம்பி, தேத்தண்ணி மட்டும் வைக்கலாம்" என்றார் வீட்டுக்காரர். பிறகு கேத்திலைக் கண்ணால் காட்டி, "கரண்டுக்குத் தனியா" என்றார். கரண்ட் கட்டணம் 2022 ஆகஸ்டில் 75 வீதம், 2023 பெப்ரவரியில் 66 வீதம் ஏறியது; பிறகு சில தடவை இறங்கியும் விட்டது. அதைச் சாட்டி ஏறிய வாடகைக்கு மட்டும் இறங்கத் தெரியவில்லை.

கிளினிக்குக்கு வரும் அம்மாவும் தங்கவேண்டும் என்பதால் அறை சரிவராது, அனெக்ஸ்தான். புரோக்கர் காட்டியது 65,000. "வெள்ளவத்தையில இந்த விலைக்கு எடுக்கேலாது தம்பி" என்றார். இது பாமன்கடை அல்லவா என்றேன். வாடகை பேசும்போது வெள்ளவத்தையாம், கடற்கரைக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டால்தான் பாமன்கடையாம். யன்னலால் ஹவ்லொக் சிட்டி மாடிகள் தெரிந்தன. முந்தி வெள்ளவத்தை நெசவாலை நின்ற நிலம் அது. அந்த 'வியூ'வும் வாடகைக்குள் அடக்கமாம்.

பிறகு முற்பணம். ஒரு வருஷ வாடகை, 780,000. மாதாமாதம் பாதி கழித்து இரண்டு வருஷ லீஸ். குடிவந்தவர் எழும்பமாட்டார் என்ற வீட்டுக்காரர்களின் பயத்துக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. குடியிருப்பவரை எழுப்புவதை 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் பெரும்பாடாக்கியது. அடுத்த வருஷமே ஒருவர் எத்தனை வீடு வைத்திருக்கலாம் என்பதற்கும் வரம்பு வந்தது. இப்போது வீட்டைத் தருமுன் காசை வாங்கிப் பூட்டி வைக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். பாதி கழித்தால் நான் மாதம் கட்டவேண்டியது 32,500. விதியின் 33,000க்கு உள்ளே! 500 ரூபா மிச்சம்கூட வருகிறது. அமெரிக்காவும் பாமன்கடையும் இவ்வளவு அழகாக ஒத்துப்போகும் என்று நான் நினைக்கவே இல்லை. 780,000 எங்கே என்பதுதான் கொஞ்சம் இடித்தது.

அதை என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டவர் வீட்டுக்கார அன்ரி. சாவி கொடுக்குமுன் நேர்முகப் பரீட்சை ஒன்று உண்டு. அதில் சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"ஊரில எவடம்?"

"உரும்பிராய்."

"உரும்பிராய் எண்டால் சந்தியடியோ, உள்ளுக்கோ?"

கொழும்பில் தமிழருக்கு விசாரணை புதிதல்ல. 2007 ஜூன் 7இல் லொட்ஜ்களில் இருந்தவர்களை, கொழும்பில் நிற்கத் தக்க காரணம் இல்லை என்று சொல்லி பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் தலையிட்டு நிறுத்தியது. அன்ரி தேத்தண்ணி தந்துவிட்டுத்தான் கேட்டார். முன்னேற்றம்தான்.

"வெளியில ஆர் நிக்கினம்? அக்கா, அண்ணா?"

"ஒருத்தரும் இல்லை அன்ரி. நான் ஒரே பிள்ளை."

"மாமா, சித்தப்பா?"

"எல்லாரும் ஊரிலதான்."

அன்ரி என்னை உண்மையான கவலையோடு பார்த்தார்.

"அப்ப தம்பி, அட்வான்ஸ் ஆர் கட்டுறது?"