சும்மாடு இல்லாத சுமை

தெருவில் படம் எடுக்கக் கிளம்புகிறவன் எதற்கும் தயாராக இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. தூரத்தில் ஒரு முகம் தென்பட்டால்? 70-200 லென்ஸ், ஒன்றரைக் கிலோ. பக்கத்தில் தென்பட்டால்? 24-70, முக்கால் கிலோவுக்கு மேல். இருட்டினால் ஃபிளாஷ், தூறினால் குடை, கை நடுங்கினால் 2 கிலோ டிரைபாட். பையைப் பழைய பேப்பர்காரரின் தராசில் மாட்டிப் பார்த்தேன். 8 கிலோ 200 கிராம். "பேப்பர் விலைதான் சார் போடுவேன்" என்றார்.

அதைச் சுமந்துகொண்டு விடிகாலை 5 மணிக்குக் கோயம்பேடு போனேன். கொத்தவால்சாவடி நெரிசலிலிருந்து 1996-ல் இடம் மாறி வந்த சந்தை. அந்த நேரத்தில் பார்க்கும் பக்கமெல்லாம் படம்தான்.

முதல் அரைமணி நேரம் கண் படத்தைத் தேடியது. அப்புறம் பெஞ்சைத் தேடியது.

பூக்கடை ஒன்றில் சாமந்திக் கூடையைக் கவிழ்த்தார்கள். குவியலுக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்த பையன் ஒருவன், தலை முழுக்க மஞ்சள் பூவோடு எழுந்து உட்கார்ந்தான். பையை இறக்கினேன். முதல் ஜிப், இரண்டாவது ஜிப், ஒரு லென்ஸைக் கழற்றி இன்னொன்றை மாட்டி, மூடியையும் எடுத்து நிமிர்ந்தபோது பையன் முகம் கழுவி, டீ குடித்து, யாவாரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பார்த்தால், பாதிப் படங்கள் ஒரே உயரத்தில் இருந்தன: டீக்கடை பெஞ்சின் உயரம். மீதிப் பாதி இடதுபக்கம் சாய்ந்திருந்தது. பை தொங்கியது இடது தோளில். "அன்னைக்கு நிலநடுக்கமாப்பா?" என்றான் மகன்.

புகைப்படக் கலைஞர் கார்ட்டியே-பிரெசோன் சின்ன லைக்கா கேமராவும் பெரும்பாலும் ஒரே 50 எம்எம் லென்ஸுமாகத்தான் சுற்றினார். ஜப்பானின் டைடோ மொரியாமா கையில் இருப்பது ரிக்கோ ஜிஆர். சட்டைப்பைக்குள் அடங்கும், எடை கால் கிலோ சொச்சம், அரை லிட்டர் பால் பாக்கெட்டில் பாதி. இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தோளுக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

சொன்னவர் ஒரு சுமைதூக்கும் தொழிலாளி. அன்று திரும்பும்போது வெங்காய மூட்டையைக் கடையில் இறக்கிவிட்டு, தூணில் சாய்ந்து மூச்சு வாங்கிய என்னைப் பார்த்தார்.

"இன்னா சார், லோடு எந்தக் கடைக்கு?"

"எந்தக் கடைக்கும் இல்லீங்க. சும்மா சுத்துறேன்."

"கூலி யாரு குடுக்குறாங்க?"

"யாரும் இல்ல."

என்னை இரக்கத்தோடு பார்த்தார். தலையில் சுருட்டி வைத்திருந்த துண்டை எடுத்து நீட்டினார். "அப்ப சும்மாடாவது வச்சுக்க சார்."

50 கிலோ மூட்டைக்கு ஒரு விலாசம் இருந்தது; அங்கே போனதும் இறக்கிவிட்டார். என் பையில் இருந்ததோ எட்டு கிலோ 'ஒருவேளை'. அதை எந்தக் கடையில் இறக்குவது?

அடுத்த ஞாயிறு, ஒரு கேமரா, ஒரு 35 எம்எம் லென்ஸ், அவ்வளவுதான். தூரத்து முகம் வேண்டுமென்றால் நடந்து கிட்டே போனேன். அந்தத் தொழிலாளியே எதிரில் வந்தார். "லோடு இறக்கிட்டியா சார்?" என்று மூட்டைக்குக் கீழிருந்து சிரித்தார். ஜிப் ஏதும் திறக்கவேண்டி இருக்கவில்லை. சிரிப்பு அடங்குமுன் எடுத்துவிட்டேன்.

நல்ல படம். லேசாக இடதுபக்கம் சாய்ந்திருக்கிறது. தோள் இன்னும் பழைய பையை மறக்கவில்லை.