காப்பாற்ற வந்தவர்களிடமிருந்து ஆட்டம் தப்பித்த கதை

பாரம்பரிய நடனத்தில் ஒரு திருத்தம் வேண்டும் என்று முதன்முதலில் மனுப் போட்டவர் ஒரு மதுரைக்காரர். எதிர்மனுதாரர் சிவபெருமான்.

ராஜசேகர பாண்டியனுக்கு அறுபத்து மூன்று கலைகள் அத்துப்படி. ஆடல் மட்டும் பாக்கி. 'அது சொக்கநாதர் டிபார்ட்மென்ட், நாம் ஏன் மூக்கை நுழைக்க வேண்டும்' என்று மரியாதையாக ஒதுங்கியிருந்தார். சோழநாட்டிலிருந்து வந்த புலவர் ஒருவர் சும்மா இருந்தாரா? "எங்க கரிகாலருக்கு அறுபத்து நாலும் தெரியும். உங்களுக்கு ஒண்ணு குறையுதாமே?" என்று லந்து கொடுத்தார். மதுரையில் லந்து வாங்கிக்கொண்டு தூங்கப்போக ராஜாவாலும் முடியாது. ஆசானைக் கூப்பிட்டு ஆட்டம் கற்க ஆரம்பித்தார்.

இடுப்பு பிடித்துக்கொண்டது. தொடை கல்லானது. படுத்தால் எழ முடியவில்லை, எழுந்தால் உட்கார முடியவில்லை. அப்போதுதான் வெள்ளியம்பலத்துக்காரர் நினைவுக்கு வந்தார். நாலு நாழிகை ஆடிய நமக்கே இந்தக் கதி என்றால், யுகம் யுகமாக ஒரே காலில் நிற்கிறவருக்கு எப்படி இருக்கும்? நேராகச் சன்னிதிக்குப் போனார். "சாமி, காலை மாத்துங்க. மாத்தலைன்னா இந்த வாள்ல விழுந்து செத்துருவேன்" என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கண்ணைத் திறந்தபோது இடது காலை ஊன்றி வலது காலைத் தூக்கியிருந்தார் சொக்கநாதர். திருவிளையாடற் புராணத்தில் இதற்குத் தனிப்படலமே உண்டு. மீனாட்சி கோயில் வெள்ளியம்பலத்தில் இன்றும் அந்தக் கோலம்தான். 'சம்பிரதாயம் சீரழிகிறது' என்று தில்லையிலிருந்து யாரும் ஓலை அனுப்பியதாகப் புராணத்தில் குறிப்பில்லை.

கலையைக் காப்பாற்றக் கிளம்புகிறவர்கள் இந்தப் படலத்தில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மாற்றச் சொன்னவர் முதலில் ஆடிப் பார்த்தார். இடுப்பு வலி கண்டார். அப்புறம்தான் வாயைத் திறந்தார். அவருக்குப் பின்னால் வரிசையில் வந்த காவலர்கள் பலருக்கு அந்த ஒரு தகுதிதான் இல்லை.

ராஜசேகரனை விட்டு அடுத்த பாண்டியனிடம் போவோம். இவர் சிலப்பதிகாரத்து நெடுஞ்செழியன். அவர் ஊரின் வெளிச்சேரியில் ஒரு நாள் பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, ஆடுமாடுகள் மிரள்கின்றன. ஏதோ கெட்டது வருகிறது. நாமாக இருந்தால் வாட்ஸ்அப்பில் ஜோசியரைப் பிடிப்போம். ஆய்ச்சி மாதரி, "வாங்கடி, ஆடுவோம்" என்றாள். ஏழு ஆயர்பெண்களை வட்டமாக நிறுத்தி, ஆளுக்கொரு சுரத்தின் பெயர் வைத்துக் குரவை ஆடவிட்டாள். குரல், துத்தம், கைக்கிளை என்று ஏழு பேர்.

அதே சிலப்பதிகாரத்தில் புகாரில் மாதவி ஆடியபோது நடந்த ஏற்பாடு வேறு மாதிரி. அரங்கம் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று இளங்கோவடிகள் மேஸ்திரி மாதிரி அளவு சொல்கிறார். ஆசான்கள், கருவிகள், திரைச்சீலை, அரசவை, ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன். மாதவி ஆடிய பதினோராடலுக்கு இன்றைக்கு மிச்சம் பெயர்ப் பட்டியலும் உரைக் குறிப்பும். மேடை இல்லை, ஸ்பான்ஸர் இல்லை, டிக்கெட் இல்லை என்றிருந்த அந்த வட்டமோ, மதுரையைச் சுற்றி எந்த ஊரில் முளைப்பாரியை இறக்கி வைத்தாலும் கும்மியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆஸ்தான அந்தஸ்து கிடைத்த கலைக்கு ஆயுள் கம்மி என்று எழுத ஆசைதான். ஆஸ்தானத்துக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

பதினேழாம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வந்தார். தமிழ்நாட்டின் முதல் ஈவென்ட் மேனேஜர் என்றே சொல்லலாம். மீனாட்சி கல்யாணம் அதுவரை மாசியில். அழகர் ஆற்றில் இறங்கியது தேனூரில். மாசி அறுவடைக் காலம். தேர் இழுக்க ஆள் வரமாட்டார்கள். நாயக்கர் இரண்டு தேதியையும் சித்திரையில் சேர்த்தார், அழகரின் ரூட்டையும் மதுரைப் பக்கம் திருப்பினார் என்பது ஊர் வழக்கு. அண்ணன் தங்கை கல்யாணத்துக்கு லேட்டாக வந்து கோபித்துக்கொண்டு திரும்பிப் போனதாக மக்கள் ஒரு திரைக்கதையும் சேர்த்தார்கள். சைவம், வைணவம் இரண்டு கம்பெனியும் இணைந்தன. ஊரே இன்றுவரை அதை ஆதிகாலத்து வழக்கம் போலத்தான் கொண்டாடுகிறது.

அந்த ரூட்டில்தான் கோரிப்பாளையம் இருக்கிறது. தல்லாகுளம் தாண்டி, தமுக்கம் தாண்டி, ஒரு பக்கம் தர்காவும் இன்னொரு பக்கம் பெரியாஸ்பத்திரியும் பார்த்திருக்க அழகர் வைகைக்கு இறங்குகிறார். கள்ளர் வேடம் போட்ட கடவுளுக்கு முன்னால் கருப்பசாமி வேடம் போட்ட பக்தர்கள். தலையில் உருமால், இடுப்பில் சல்லடம், கையில் திரி. தோல்பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சிக்கொண்டே ஆட்டம். இதற்கு எந்தச் சபாவும் அட்டவணை போடவில்லை, எந்த அகாடமியும் கிரேடு கொடுக்கவில்லை. சில வருஷங்களுக்கு முன்னால் இளவட்டங்கள் தோல்பைக்குப் பதில் உயர் அழுத்தப் பம்பைக் கொண்டுவந்தார்கள். சாமி நகை என்னாவது, பட்டர் என்னாவார் என்று பஞ்சாயத்து உயர்நீதிமன்றம் வரை போய், தோல்பை மட்டும்தான் என்று ஆனது. பாரம்பரியத்துக்குள் எத்தனை பவுண்டு பிரஷர் அடங்கும் என்று யோசித்த நீதிமன்றம் உலகத்தில் வேறு எங்கும் இருக்காது.

திருமலை நாயக்கர் தன் அரண்மனையில் ஆட்டம் பார்க்கவே நாடகசாலை என்று ஒரு பெரிய கூடம் கட்டினார். க்ஷேத்ரக்ஞர் அவர் சபையில் இரண்டாயிரம் பதம் பாடியதாகத் தம் பதம் ஒன்றிலேயே கணக்குச் சொல்கிறார். பேரன் சொக்கநாதர் திருச்சிக்குக் குடிபோனபோது அரண்மனையின் பெரும்பகுதியைப் பெயர்த்துக்கொண்டு போனார் என்பார்கள். தப்பிப் பிழைத்த நாடகசாலையில் இப்போது கற்சிலைகளை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். ஆடியவர்கள் போய், ஆடாதவர்கள் குடியேறிய ஒரே நாட்டியக் கூடம்.

அடுத்த கட்டம் சதிர். தேவரடியார்கள் கோயிலிலும் கல்யாண வீட்டிலும் ஆடினார்கள். தஞ்சை நால்வர் அதற்கு அலாரிப்பு முதல் தில்லானா வரை வரிசை கட்டிக் கொடுத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சீர்திருத்தக்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். இந்த நாட்டியங்களுக்கு வரக்கூடாது என்று 1893-இல் வைஸ்ராய்க்கும் சென்னை கவர்னருக்கும் மனு அனுப்பினார்கள். தாமும் சில தடவை பார்த்திருப்பதாகவும், முறைகேடாக ஒன்றும் தெரியவில்லை என்றும் வைஸ்ராய் தரப்பிலிருந்து பதில் வந்தது. ஓசியில் பார்த்த ஆட்டத்துக்கு நன்றி மறக்காத வெள்ளைக்காரர்.

1932-இல் பத்திரிகைகளில் கடிதப் போர். ஒரு பக்கம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி: பொட்டுக்கட்டுவது ஒழிய வேண்டும். இன்னொரு பக்கம் வக்கீல் இ. கிருஷ்ணய்யர்: ஆட்டம் பிழைக்க வேண்டும். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கிருஷ்ணய்யருக்கு ஒரு கூடுதல் தகுதியும் இருந்தது; அவர் சதிர் கற்று, பெண் வேடம் கட்டி, சலங்கை போட்டுத் தாமே ஆடியவர். இடுப்பு வலி கண்ட கட்சி. 1931-இல் மியூசிக் அகாடமியில், சதிர் மரபில் வந்த கல்யாணியின் மகள்களை ஆடவைத்ததும் அவர் முயற்சிதான். பெயரைப் பரதநாட்டியம் என்று மாற்றினார்கள். 1935-இல் அடையாறு பிரம்மஞான சபையில் ருக்மிணி தேவி ஆடினார். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்றது. உடையமைப்பில் ஓர் இத்தாலியப் பெண்மணியும் கைகொடுத்தார். இன்றைக்கு அரங்கேற்ற ஆல்பத்தில் 'ஈராயிரம் ஆண்டுப் பழமை' என்று போட்டுக்கொள்ளும் அந்த விசிறி மடிப்புக்கு வயது நம் தாத்தாவைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

1947-இல் சட்டம் வந்தது, பொட்டுக்கட்டுவது நின்றது. நிற்க வேண்டியதுதான். ஆனால் ஆட்டத்தைக் கழுவித் துடைத்து மயிலாப்பூருக்குக் குடிவைத்தபோது, அதுவரை ஆடிய வீடுகளுக்குப் புது விலாசத்தை யாரும் சொல்லவில்லை. அந்த மரபில் வந்த பாலசரஸ்வதி, சிருங்காரத்தைக் கழுவத் தேவையில்லை, அது அழுக்கல்ல என்று கடைசிவரை வாதாடிக்கொண்டே ஆடினார். ஆட்டம் பிழைத்தது. பிழைப்பு போனவர்கள் பட்டியல் அரங்கேற்ற ஆல்பத்தில் வராது.

இந்தக் கூத்தெல்லாம் சென்னையில் நடந்தபோது மதுரைப் பக்கத்துக் கரகாட்டத்தை யாரும் காப்பாற்ற வரவில்லை. அதனால் அது சௌக்கியமாக இருந்தது. சாமிக்குச் சக்தி கரகம், சனத்துக்கு ஆட்டக் கரகம். செம்பின் உச்சியில் கிளி, பின்னால் நையாண்டி மேளம், விடியவிடிய ஆட்டம். 1989-இல் கங்கை அமரன் 'கரகாட்டக்காரன்' எடுத்தார். மதுரையில் ஒரு வருஷத்தைத் தாண்டி ஓடியது. கரகாட்டத்தைப் பற்றிய படத்தில் சனம் இன்றுவரை மறக்காதது ஒரு வாழைப்பழத்தையும் ஒரு காரையும்தான். இருந்தாலும் படம் வந்தபிறகு ஊரூராக "ராமராசன் மாதிரி ஆடுங்கப்பா" என்று கேட்டார்கள். கலைஞர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. தவிலும் நாயனமும் இளையராஜா மெட்டுக்குத் திரும்பின. சட்டை நிறமும் திரும்பியது. கொஞ்ச காலத்தில், சினிமாவைப் பார்த்து ஆடுவது கரகாட்டமா, கரகாட்டத்தைப் பார்த்து எடுத்தது சினிமாவா என்று செம்புக்கே குழப்பம்.

பிறகு சினிமாப் பாட்டு மட்டும் மிஞ்சி 'ஆடல் பாடல்' வந்தது. போலீஸ் அனுமதி மறுக்க, ஊர்க் கமிட்டி ஒத்தக்கடைக்கு வண்டியைக் கட்டியது. 2004-இல் அங்கே உயர்நீதிமன்றக் கிளை திறந்தபோது இதற்காகத்தான் திறக்கிறோம் என்று யாருக்கும் தெரியாது. திருவிழா சீசன் வந்தால் மனுக்கள் குவிகின்றன. ஆபாசம் கூடாது, இரட்டை அர்த்தம் கூடாது, சாதித் தலைவர் பாட்டுக் கூடாது, இத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும் என்று நிபந்தனைகள். பரதமுனிக்கு அப்புறம் தென்னாட்டில் நாட்டிய இலக்கணம் எழுதும் பொறுப்பு சரக இன்ஸ்பெக்டருக்கு வந்து சேர்ந்தது. எந்த அசைவு எந்த ரசம் என்று பரதர் சொன்னார். எந்த அசைவு எந்த செக்‌ஷன் என்று இவர் சொல்கிறார்.

பறையின் கதை இன்னும் காரம். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பறையைக் கருப்பொருளாகச் சொல்லிவிட்டுப் போனது. பின்னால் வந்த ஊர்ப் பெரியவர்கள் அதை இழவு வீட்டோடு கட்டிப்போட்டார்கள். அடிப்பவரைச் சேரியோடு கட்டிப்போட்டார்கள். "இனி உங்க சாவுக்கு அடிக்க மாட்டோம்" என்று அடித்தவர்களே குச்சியைக் கீழே வைத்தார்கள். ஒரு கலையைக் காப்பாற்ற அதை நிறுத்தவும் வேண்டியிருக்கும் என்று எந்தக் கலை விமர்சகருக்கும் தோன்றவில்லை; அவர்களுக்குத் தோன்றியது. பிறகு அரசரடி இறையியல் கல்லூரியில் தலித் கலை விழாக்கள் நடந்தன. அதே பறை மேடைக்குத் தலைநிமிர்ந்து வந்தது. திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுப் பெண்கள் அதைத் தோளில் மாட்டி ஆடினார்கள். பொம்பளை பறை அடிக்கலாமா என்று கேட்டவர்களுக்கு அடியே பதிலானது.

2017 ஜனவரியில் கோரிப்பாளையத்துக்குப் பக்கத்திலேயே, தமுக்கத்தில், ஜல்லிக்கட்டுக்காகக் கல்லூரிப் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். அந்தப் பக்கம் செல்லூர் வைகைப் பாலத்தில் ரயிலையே மறித்து நிறுத்தியிருந்தார்கள். ராத்திரிக் குளிருக்கும் கோஷத்துக்கும் நடுவே பறை. ராணி மங்கம்மாள் வேடிக்கை பார்த்த இடம் என்று பெயரெடுத்த மைதானத்தில், சாவு வீட்டைத் தவிர வேறெங்கும் பறை கேட்டிராத பிள்ளைகள் அடவு பழகினார்கள். 2025-இல் மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். இப்போது ஐ.டி. கம்பெனிக்காரர்கள் வார இறுதியில் சிண்டுக்குச்சியும் அடிக்குச்சியும் பிடிக்கிறார்கள். வைக்கோல் கொளுத்திக் காய்ச்சத் தேவையில்லாத ஃபைபர் பறை வந்தாயிற்று. தோல் பறைதான் அசல் என்று ஒரு கட்சி உடனே முளைத்தது. அதில் சிலர் பத்து வருஷத்துக்கு முன்னால் பறைச் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்தியவர்கள்.

தேவராட்டமும் அப்படித்தான். ராஜகம்பளத்து ஆண்கள் மட்டும் உறுமிக்கு ஆடியது. இப்போது கல்லூரி விழாவில் பெண்பிள்ளைகள் கைக்குட்டையைச் சுழற்றி ஆடுகிறார்கள். உறுமி எந்தப் புகாரும் சொல்லவில்லை.

2021-இல் கொரோனா. அழகருக்கு அழகர்கோவில் வளாகத்துக்குள்ளேயே செயற்கை வைகை அமைத்தார்கள். சாமியே வீட்டிலிருந்து வேலை பார்த்த வருஷம். கரகாட்டக்காரர்களுக்கு அந்த வசதி இல்லை. மாசியில் ஆரம்பித்து ஆடி வரை ஓடும் சீசன்தான் அவர்களுக்கு வருஷச் சம்பளம். அது இரண்டு வருஷம் தொடர்ந்து படுத்தது. கலைஞர்கள் வேடம் கட்டிக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் வாசலில் மேளம் அடித்து மனுக் கொடுத்தார்கள். 2007-இல் அமைத்த நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் அட்டை வைத்திருந்தவர்களுக்கு ஏதோ வந்தது. அட்டை இல்லாதவர்கள் செம்பை அடகுக்கடைக்குக் கொண்டுபோனார்கள். சேட்டு, பித்தளையை எடை போட்டார். அதற்குள் இருந்த பாரம்பரியத்துக்குத் தராசில் இடமில்லை.

ஆக, ஆட்டத்துக்குச் சினிமா மெட்டு ஒத்துக்கொள்ளும், ஃபைபர் ஒத்துக்கொள்ளும், இன்ஸ்டாகிராம் ரீல்ஸும் ஒத்துக்கொள்ளும். ஒத்துக்கொள்ளாதது, ஆடிய ராத்திரிக்குச் சம்பளம் பாக்கி வைப்பது ஒன்றுதான். கலையை வாழவைக்க வேண்டும் என்று மேடை போடுகிற பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம். மரபு மாறாமல் ஆடச் சொல்லுங்கள், மாற்றி ஆடச் சொல்லுங்கள், உங்கள் இஷ்டம். அவர்கள் இரண்டும் ஆடுவார்கள். பொன்னாடையும் போர்த்துங்கள், வேண்டாமென்று சொல்லமாட்டார்கள். ஆனால் அட்வான்ஸை முதலில் கொடுத்துவிடுங்கள். மிச்சத்தை விடிவதற்குள் கொடுங்கள். வேனுக்கு டீசல் போட வேண்டும். பொன்னாடையை எந்தப் பங்க்கிலும் வாங்குவதில்லை.