‘வால்-ஈ’க்கு எத்தனை பேர்? லயத்து ரசனை குறித்து ஓர் ஆய்வு

ஆய்வுப்பொருள்: பிக்சார் நிறுவனம் 2008இல் வெளியிட்ட ‘வால்-ஈ’ என்னும் அசைவூட்டப் படம். ஆய்வுக்களம்: பதுளைக்கும் பசறைக்கும் நடுவே ஒரு தேயிலைத் தோட்டம், அதில் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயம், அதில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா ஒன்று. தடுப்புச் சுவர் மெல்லியது. ஆகவே பக்கத்துக் காம்பராக்காரர்கள் படத்தைக் காதால் பார்த்தார்கள். அவர்களுடைய கருத்துகளும் தரவாகக் கொள்ளப்பட்டன.

இயக்குநர் அன்ட்ரூ ஸ்டான்டனின் குழுவினர் ஏறத்தாழ ஓராண்டு மதிய உணவு வேளைகளில் சாப்ளின், கீட்டன் படங்களைப் பார்த்துப் பயின்றார்கள் என்பது வரலாறு. அதன் பயனாகப் படத்தின் முதல் அரைமணி நேரத்தில் பேச்சே அரிது. ஆங்கிலம் படித்த பேரனுக்கும் படிக்காத அப்பாயிக்கும் ஒரே அளவு புரிந்தது. இது பேரனுக்குப் பிடிக்கவில்லை.

மேலை அறிஞர்களுள் ஒரு சாரார் இப்படத்தைச் சூழல் எச்சரிக்கை என்பர். மறுசாரார் நுகர்வு வெறியின் மீதான கிண்டல் என்பர். இரண்டையும் லயம் ஏற்கவில்லை. இது தொழில் தகராறு என்பதே அங்கு கண்ட முடிபு.

சான்றுகளைப் பார்ப்போம். வால்-ஈ என்னும் குப்பை அள்ளும் இயந்திரன் விடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போகிறான். குப்பையைக் கட்டியாக அமுக்கி அடுக்குகிறான். பொழுது சாய்ந்தால் தகரக் கூட்டுக்குத் திரும்பிப் பழைய பாட்டுப் படம் பார்க்கிறான். “நம்ம ஆளு” என்றார் பக்கத்துக் காம்பராக்காரர், சுவருக்கு அப்பாலிருந்து. புழுதிப் புயல் வந்தபோது, ஆடி ஆவணியில் இந்த ஊவாப் பகுதியை வறட்டும் கச்சான் என்று ஒருமனதாக இனங்காணப்பட்டது. (அந்தக் காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு மணம் ஏறுகிறது, அவனுடைய புயலில் ஏன் எதற்கும் மணம் ஏறவில்லை என்பது தனி ஆய்வுக்குரியது.) செத்துக் கிடக்கும் இன்னொரு இயந்திரத்தின் சக்கரப் பட்டையைக் கழற்றி அவன் தனக்கு மாட்டிக்கொண்டபோது எழுந்த ‘ச்சு’ ஒலி இரக்கத்தினது அன்று, குற்றச்சாட்டினது. “கம்பனி சாமான் குடுக்கல, பாத்தீங்களா?”

கம்பனியோ மனிதரை எல்லாம் கப்பலேற்றிக்கொண்டு வானத்துக்கே போய்விட்டது. வேலை மட்டும் போகவில்லை. எழுநூறு ஆண்டு. இங்கே ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை எழுந்து உட்கார்ந்தார். “நாங்க வந்து இருநூறு வருசம், வீடு கட்ட ஏழு பேர்ச்சஸ் காணிக்கே நடையா நடக்குறோம். எழுநூறு வருசத்துக்கு இவனுக்குச் சேமலாப நிதி மட்டும் எவ்வளவு வரும்!” கணக்குப் போடத் தாள் கேட்டார். கிடைக்கவில்லை.

படத்தின் உச்சம் என உலகம் கொண்டாடும் காட்சியில்தான் ரசனை முற்றாகப் பிரிகிறது. பழைய சப்பாத்து ஒன்றுக்குள் ஒரு பச்சைச் செடி. உலகம் கண்கலங்கிய இடம் இது. லயத்திலோ, வாழ்நாளெல்லாம் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிய விரல்களுக்குரிய அப்பாயி திரையை நெருங்கிப் பார்த்துச் சொன்னார்: “இவ்வளவுதானா? இதுக்கு அரைப் பேர்கூட விழாது.” கொழுந்து நிறை குறைந்தால் அன்றைய பேரை, அதாவது நாட்கூலியை, அரையாக எழுதும் கொடுமையை அறியாதவர்கள் இதை நகைச்சுவை என்று பதிவு செய்யக்கூடும். அது தவறு, அப்பாயி சிரிக்கவில்லை.

வெள்ளை இயந்திரம் ஈவா வந்து செடியை வயிற்றுக்குள் வாங்கிக்கொண்டதும், இது தொழில் தகராறுதானா என்ற ஐயமும் தெளிந்தது. “கண்டெடுத்தவன் இவன், கப்பல்ல ஏத்துறது அவ. செடி எங்க போவுது? கதிரையில குந்திக்கிட்டுக் குடிக்கிறவங்ககிட்ட.” ஆக்சியம் கப்பலில் பருத்த மனிதர்கள் மிதக்கும் கதிரைகளில் சாய்ந்தபடி குவளையில் உறிஞ்சும் காட்சி சிறிது நேரத்தில் வந்தபோது, சொன்ன பெண்மணி வெற்றிப் பெருமிதம் எதுவும் காட்டவில்லை. கொழும்பு ஏலமும் ஏற்றுமதியும் பற்றிய பொருளியல் நூல்கள் பல அத்தியாயங்களில் சொல்வதை அவர் வெற்றிலை மடிக்கும் நேரத்தில் சொல்லியிருந்தார். இந்த ஆய்வாளரின் கணிப்பில் இப்படத்துக்கு எழுதப்பட்ட விமர்சனங்களுள் இதுவே தலையாயது.

முடிவில் கப்பல் இறங்குகிறது, கேப்டன் குழந்தைகளுக்கு விவசாயம் கற்றுக்கொடுக்கக் கிளம்புகிறார், பிட்சாவும் செடியில் காய்க்கும் என்கிறார். “புதுத் தொரை” என்று அப்பாயி அடையாளம் கண்டார். தொரை வந்துவிட்டால் ஆள் கூட்டும் காலைப் பெரட்டு உண்டு, பேர் போடும் செக்ரோல் உண்டு. செக்ரோலில் அவன் பெயரை முதலில் போடுவார்களா, விட்டுவிடுவார்களா என்று இரண்டு காம்பராவுக்கும் சுவர் வழியாக வாக்குவாதம் மூண்டது. சத்தம் கேட்டு வந்த தோட்டத் தலைவர் வாசலில் நின்றபடி ஒன்றே ஒன்றைக் கேட்டார்: “அவன் எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டுறான்?”