வால்நட் கனவும் பலாப் பலகையும்

கேள்வி: வால்நட் மரத்தில் செய்த மேசைக்கும் இசைக்கருவிக்கும் உலகமே மயங்குகிறது. பதுளைத் தோட்டப்புறத்தார் எதற்கு மயங்குவது?

பதில்: அக்ரூட் பருப்பைத் தரும் வால்நட், அளவான கனமும், உலர்ந்தபின் எளிதில் முறுக்கிக்கொள்ளாத குணமும், கரும்பழுப்பு வைரமும், அதாவது நடுமரத்தின் முதிர்ந்த கட்டையும், ஒருங்கே வாய்த்ததால், காஷ்மீரில் செதுக்கு வேலைக்கும் சந்தூர் என்னும் தந்திக் கருவிக்கும் நெடுங்காலமாகப் பயன்படுகிறது. பதுளை அடங்கும் ஊவாவில் அந்த இடம் பலாவுக்கே உரியது. தஞ்சாவூர் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் உடலாவதும், கறையான் எளிதில் அண்டாததும், புதிதில் மஞ்சளாயிருந்து ஆண்டுகள் செல்லச்செல்லப் பழுப்பாகக் கருப்பதும் இம்மரமே. வால்நட்டின் இன்னொரு வகையான கருப்பு வால்நட்டோ வெளிச்சம் பட்டு வெளுக்கும் என்பதால், பேரப்பிள்ளைகள் காலத்தில் எந்த மேசை பார்க்க நன்றாயிருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. தவிர, வால்நட் கொறிக்க மட்டுமே தரும். பலா பிஞ்சிலேயே கறியாகிச் சோற்றோடு சேர்ந்துவிடும்.

மயங்கத்தக்க இன்னொரு தோட்ட மரமும் உண்டு: தேயிலைக்கு நிழலாக 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிரவேலியா மரத்தின் சரிகை போன்ற ரேகைக்காக வெளிநாட்டுக் கித்தார்க் கைவினைஞர் அதைத் தேடுகையில், தோட்டங்களில் அது விறகாகவும் அடுப்புக்குள் போகிறது.

பலாவுக்கு மயங்கியவர் உடனே கோடரியைத் தேட வேண்டாம்: இலங்கையின் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, அது சொந்த வளவில் நின்றாலும் அனுமதி பெற்ற பிறகே வெட்டலாம்.